வலிப்பு மாத்திரை சாப்பிடுறீங்களா? ரத்த டெஸ்ட்டுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால், பார்க் டவுனில் இறங்கி ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். நரம்பியல் ஓ.பி.க்குக் கிளம்பும் ஒருவர், வழக்கம்போல் காலை டிபன் முடித்து வலிப்பு மாத்திரையையும் போட்டுக்கொண்டு வருகிறார் என வைத்துக்கொள்வோம். ‘மருந்து அளவு’ டெஸ்ட்டுக்கு 10 மணிக்கு ரத்தம் கொடுக்கிறார். ரிப்போர்ட்டில் அளவு அதிகம். உடனே டோஸைக் குறைத்தால்? நின்றிருந்த வலிப்பு திரும்ப வரலாம். தவறு மருந்தில் இல்லை, ரத்தம் எடுத்த நேரத்தில்!

எதுக்கு இந்த டெஸ்ட்?

ஒரே டோஸ் எல்லோருடைய ரத்தத்திலும் ஒரே அளவில் இருக்காது. வயது, எடை, கல்லீரல், கூடவே சாப்பிடும் மருந்துகள் எல்லாம் அதை மாற்றும். அளவு குறைந்தால் வலிப்பு வரலாம். கூடினால் தூக்கக் கலக்கம், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம் வரும். பார்ப்பவர்கள் ‘குடிச்சிருக்கார்’ என்று நினைத்துவிடும் அளவுக்குத் தள்ளாட்டம் இருக்கலாம்.

பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு:

- ஃபெனிடாயின்: 10–20 மைக்ரோகிராம்
- கார்பமசெபைன்: 4–12 மைக்ரோகிராம்
- வால்ப்ரோயேட்: 50–100 மைக்ரோகிராம்

ஃபெனிடாயினில் என்ன சிக்கல்?

1938 முதல் வலிப்புக்குப் பயன்படும் பழைய மருந்து இது. ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரை நினைத்துப் பாருங்கள். கவுண்டர் தாங்கும் வரை வரிசை நகரும். அதற்கு மேல் ஆள் வந்தால் வரிசை மளமளவென நீண்டுவிடும். ஃபெனிடாயினைக் கழிக்கும் கல்லீரலும் அப்படித்தான். 300 மில்லிகிராமை 400 ஆக்கினால், ரத்தத்தில் அளவு இரு மடங்குக்கு மேலும் ஏறலாம். காசநோய் மருந்துகளில் ஐசோநியாசிட் இதைக் கூட்டும், ரிஃபாம்பிசின் குறைக்கும்.

ரத்தம் எப்போ கொடுக்கணும்?

காலை மாத்திரை போடுவதற்கு முன்பு. வால்ப்ரோயேட், கார்பமசெபைன் போன்றவை மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். அதற்காக அன்றைய மாத்திரையை விட்டுவிடக் கூடாது. கையோடு எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்ததும் போட்டுக்கொள்ளலாம். கடைசி மாத்திரை போட்ட நேரத்தை லேபில் சொல்லுங்கள். டோஸ் மாற்றிய மறுநாளே டெஸ்ட் எடுப்பதில் பயனில்லை. ஃபெனிடாயினுக்கு ஓரிரு வாரமாவது ஆக வேண்டும். ஆனால் தள்ளாட்டம், மயக்கம், அடுத்தடுத்து வலிப்பு என்றால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாருக்கும் வேணுமா?

இல்லை. லெவெடிராசெட்டாம் சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக அடிக்கடி தேவைப்படாது. லாமோட்ரிஜின் எடுக்கும் கர்ப்பிணிகளுக்கு முக்கியம். கர்ப்ப காலத்தில் அதன் அளவு நன்றாகவே இறங்கிவிடும்.

நம்பர் மட்டும் போதுமா?

போதாது. ரத்தத்தில் ஆல்புமின் குறைவாக இருப்பவருக்கு, ஃபெனிடாயின் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தாலும் மருந்தின் வீரியம் அதிகமாக இருக்கலாம். குறைந்த அளவிலேயே வலிப்பு இல்லாமல் நலமாக இருப்பவருக்கு டோஸைக் கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எனவே ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.