குதிகால் இரத்தப் பரிசோதனையும் நிறை நிறமாலைமானியும்: பெற்றோர் அறிய வேண்டியவை

பிறந்த குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. எடையும் நிறமும் சீராக உள்ளன. இருந்தும் செவிலியர் அதன் குதிகாலில் சிறு ஊசியால் குத்தி, சில துளி இரத்தத்தை ஒரு தாளில் எடுக்கிறார். நலமாக இருக்கும் குழந்தைக்கு இது ஏன் என்று நீங்கள் எண்ணக்கூடும். நலமாகத் தோன்றும் நாள்களிலேயே கண்டறிய வேண்டிய சில நோய்கள் உள்ளன என்பதே இதற்கான விடை.

பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு என்றால் என்ன?

நாம் உண்ணும் உணவை உடல் பல படிகளில் சிதைத்துப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி தேவை. மரபணுக் குறைபாட்டால் ஒரு நொதி இல்லாமற்போனால், அந்தப் படியில் மாற வேண்டிய பொருள் இரத்தத்தில் தேங்கும். அடுத்து உருவாக வேண்டிய பொருள் குறையும்.

பினைல்கீட்டோனூரியா என்னும் நோயில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் தேங்கி மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பிறந்த சில வாரங்களுக்குள் சிறப்பு உணவுமுறையைத் தொடங்கினால் குழந்தை இயல்பாக வளர முடியும். தாமதத்தால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பைப் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

எம்.சி.ஏ.டி. குறைபாடு என்பது கொழுப்பை ஆற்றலாக மாற்றுவதில் ஏற்படும் கோளாறு. ஒழுங்காகப் பால் குடிக்கும் வரை குழந்தையிடம் எந்த அறிகுறியும் தெரியாது. காய்ச்சலாலோ வாந்தியாலோ நெடுநேரம் உணவு உட்கொள்ளாதபோது இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நோய் இருப்பது முன்பே தெரிந்தால், நெடுநேரம் பட்டினி இல்லாமல் பார்த்துக்கொள்வதே முதன்மையான பாதுகாப்பு.

இத்தகைய நோய்களில் பெரும்பாலானவற்றில் தாய், தந்தை இருவரும் நலமாகவே இருப்பர். இருவரிடமும் குறைபாடுள்ள மரபணுவின் ஒரு பிரதி மறைந்திருக்கும். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுற்ற குழந்தை பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. உறவுமுறைத் திருமணங்களில் இருவரிடமும் இத்தகைய மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல். எனினும், உறவில்லாத தம்பதியருக்கும் இது நேரலாம்.

நிறை நிறமாலைமானி எவ்வாறு செயல்படுகிறது?

இதனை மூலக்கூறுகளை எடைபோடும் தராசு எனக் கொள்ளலாம். உலர்ந்த இரத்தப் பொட்டிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வட்டத்தை வெட்டி, அதிலுள்ள பொருள்களைக் கரைசலாகப் பிரித்தெடுப்பர். அக்கரைசல் நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டு, மூலக்கூறுகள் மின்னேற்றம் பெறுகின்றன. கருவியின் முதற்பகுதி அவற்றை எடைவாரியாகப் பிரிக்கிறது. நடுப்பகுதி அவற்றை உடைக்கிறது. இறுதிப்பகுதி உடைந்த துண்டுகளை எடைபோடுகிறது. இரு கருவிகள் அடுத்தடுத்து இணைந்து செயல்படுவதால் இது ‘டேண்டம்’ முறை எனப்படுகிறது.

பினைல்அலனினின் மூலக்கூறு எடை 165. அதிலிருந்து உடல் உருவாக்கும் டைரோசினின் எடை 181. ஓர் ஆக்சிஜன் அணுவின் எடையான 16 மட்டுமே வேறுபாடு. இக்கருவி இரண்டையும் பிரித்தறிந்து, எது எவ்வளவு உள்ளது என அளவிடுகிறது. முதலாவது மிகுந்தும் இரண்டாவது குறைந்தும் இருந்தால் பினைல்கீட்டோனூரியா இருக்கலாம் என ஐயுறப்படும்.

1960-களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி, தாளில் உலர்த்திய இரத்தத்தைக் கொண்டு பினைல்கீட்டோனூரியாவைக் கண்டறியும் முறையை உருவாக்கினார். ஒரு நோய்க்கு ஒரு சோதனை என்பதே அக்கால நிலை. 1990-களில் டேண்டம் முறை புகுந்தபின், ஒரே இரத்தப் பொட்டிலிருந்து ஒருசில நிமிடங்களில் 30-க்கும் மேற்பட்ட கோளாறுகளின் அடையாளங்களைத் தேட முடிகிறது.

இரத்தம் எப்போது எடுக்கப்படும்?

• பொதுவாகப் பிறந்து 24 மணி நேரத்திற்குப் பின், 72 மணி நேரத்திற்குள் எடுப்பது நல்லது. கருவில் இருக்கும்போது தேங்கும் பொருள்களைத் தாயின் உடல் அகற்றிவிடுகிறது. எனவே மிக முன்னதாக எடுத்தால் நோய் புலப்படாமற்போகலாம்.
• அதற்கு முன்பே வீடு திரும்ப நேர்ந்தால், மீண்டும் எப்போது வர வேண்டும் எனக் கேட்டு அறியுங்கள்.
• குழந்தைக்கு இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அல்லது நரம்புவழி ஊட்டம் தரப்பட்டிருந்தால் அதனைத் தெரிவியுங்கள்.

இப்பரிசோதனை நம் நாட்டின் எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஆகவே, பிரசவத்திற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். காரணம் தெரியாமல் குழந்தையை இழந்த குடும்பமாயின் அதனைத் தவறாமல் கூறுங்கள்.

மீண்டும் வருமாறு அழைத்தால் என்ன பொருள்?

இது நோய் இருக்கக்கூடிய குழந்தைகளைப் பிரித்தறியும் சோதனை; நோயை உறுதி செய்யும் சோதனையன்று. மீண்டும் அழைக்கப்படும் குழந்தைகளுள் பலருக்கு நோய் இருப்பதில்லை. குறைமாதப் பிறப்பு, நரம்புவழி ஊட்டம், தாயின் வைட்டமின் பி12 குறைபாடு போன்றவையும் அளவுகளை மாற்றக்கூடும்.

ஆயினும் அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சில கோளாறுகளில் ஒரு நாள் தாமதமும் ஆபத்தானது. மருத்துவர் கூறாமல் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டா. எந்த நோயில் பாலை நிறுத்த வேண்டும், எதில் தொடர வேண்டும் என்பது நோய்க்கு நோய் வேறுபடும்.

இச்சோதனை காட்டாதவை

முடிவு இயல்பாக இருந்தால் எல்லா நோய்களும் இல்லை என்று பொருளாகாது. பிறவித் தைராய்டு குறைபாடு, ஜி6பிடி குறைபாடு போன்றவற்றுக்கு அதே இரத்தப் பொட்டில் வேறு வகைச் சோதனைகள் செய்யப்படுகின்றன. உங்கள் குழந்தைக்கு எவையெவை செய்யப்பட்டன எனக் கேட்டு, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

புதிய பயன்கள்

பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி நோய்க்கான முதற்சோதனையில் ஐயம் எழும்போது, ஸ்டீராய்டு அளவுகளை நிறை நிறமாலைமானியால் துல்லியமாக அளந்து, தேவையற்ற மறு அழைப்புகளைக் குறைக்க முடிகிறது. பாம்பே நோய் போன்றவற்றில் நொதியின் செயல்திறனை அளக்கவும் இது பயன்படுகிறது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• பால் குடிக்க மறுத்தல், தொடர் வாந்தி
• எழுப்பினாலும் விழிக்காத அளவு சோர்வு
• வலிப்பு, வேகமான மூச்சு
• சிறுநீரில் அல்லது உடலில் வழக்கமற்ற மணம்

சோதனை முடிவு வரவில்லை என்றாலும், இயல்பு என வந்திருந்தாலும், இவ்வறிகுறிகள் தோன்றினால் காத்திருக்க வேண்டா. குழந்தைக்குக் கோளாறு உறுதியாகியிருந்தால், நோயின் பெயரும் அவசரச் சிகிச்சை முறையும் எழுதிய மருத்துவரின் கடிதத்தை எப்போதும் உடன் வைத்திருங்கள். நள்ளிரவில் உங்கள் குழந்தையை முதன்முறையாகக் காணும் மருத்துவருக்கு அக்கடிதமே வழிகாட்டும்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா.