ஓர் ஆளி, இரண்டு சுற்றுகள்: கவனம்!

திருத்திய வீடுகளில் பழைய வயரிங்கும் புதிய வயரிங்கும் கலந்திருக்கலாம். விறாந்தை மின்குமிழும் முற்றத்து மின்குமிழும் வெவ்வேறு சுற்றுகளிலிருந்து வந்து ஒரே ஆளியில் இணைந்திருந்தால் ஆபத்து. ஒரு சுற்றின் பிரேக்கரை நிறுத்தினாலும், மற்றச் சுற்றின் 230 வோல்ட் மின்சாரம் ஆளிப் பெட்டிக்குள் இருக்கும். மின்குமிழ் அணைந்ததை நம்பிக் கை வைக்க வேண்டாம்.

• ஓர் ஆளிக்கு ஒரே சுற்றிலிருந்து மட்டும் இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள். பல மின்குமிழ்கள் ஒன்றாக எரிய வேண்டுமானால், எல்லாவற்றையும் அதே சுற்றில் சேர்க்கலாம்.
• இரு சுற்றுகளின் நொதுமல் கம்பிகளை ஒன்றாக முறுக்கக் கூடாது.
• ஆளியைக் கழற்றுமுன் மெயின் சுவிட்சையே நிறுத்துங்கள். பின்னர் டெஸ்டரால் எல்லாக் கம்பிகளையும் பார்க்க வேண்டும்.
• இவ்வேலையைப் பயிற்சி பெற்ற மின் தொழிலாளியிடமே கொடுங்கள்.