டப்ளின் இரவுகள்: பாட்டு, பப், பொரித்த மீன்

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலில் (1922) புளூம் தெருவில் நடந்துகொண்டே ஒரு புதிர் போடுவார். ஒரு பப்பைக்கூடத் தாண்டாமல் டப்ளின் நகரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கடக்க முடியுமா? ரொம்ப நாள் இது வெறும் இலக்கியக் கேலியாகத்தான் இருந்தது. 2011-ல் நம்ம தொழில்காரர் ஒருவர், ஒரு மென்பொருள் பொறியாளர், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து, நிரல் எழுதி ஒரு பாதையைக் கண்டுபிடித்துவிட்டார். எதையெல்லாம் பப் என்று கணக்கில் சேர்க்கணும் என்ற சண்டையும் கூடவே வந்தது.

எனக்கு வந்த கேள்வி வேறு. தெருவில் பாடகர், பப்பில் இசை, நள்ளிரவில் சுடச்சுட மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். சுற்றுலாக்காரர்கள் கொண்டாடும் இந்த டப்ளின் எப்படி உருவானது? "அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்பார்கள். தோண்டிப் பார்த்தால் ரத்தத்தைவிட சட்டமும் வாடகையும் கடிகாரமும்தான் அதிகம் தட்டுப்படுகின்றன.

1. உரிமம் என்ற சொத்து

அயர்லாந்தில் 1902-ல் ஒரு சட்டம் வந்தது. சில விதிவிலக்குகள் தவிர புதிய பப் உரிமம் கிடையாது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கும் உரிமத்தை ஒழிக்க வேண்டும். 2000-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நாட்டின் எந்த மூலையில் இருக்கும் உரிமத்தையும் வாங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஆனது. விளைவு என்ன? கிராமத்தில் வியாபாரம் இல்லாமல் மூடிய ஒரு பப்பின் உரிமம், நகரத்து சூப்பர்மார்க்கெட்டின் மதுப் பிரிவாக மறுபிறவி எடுக்க முடியும். கிராமத்தில் பூட்டிய கட்டடம் மட்டும் மிஞ்சும். அதாவது உரிமம் என்கிற காகிதமே விலைபோகும் சொத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

2. பப் இசை அவ்வளவு பழசு இல்லை

ஐரிஷ் மரபிசை பழசுதான். ஆனால் அதை பப்பில் உட்கார்ந்து வாசிப்பது பழசு இல்லை. முன்பெல்லாம் இசை வீட்டுச் சமையலறையிலும் கிராமத்து நாற்சந்தியிலும் நடந்தது, பெரும்பாலும் ஆட்டத்துக்காக. 1935-ல் பொது நடன அரங்குச் சட்டம் வந்தது. ஆட்டம் நடத்த நீதிமன்ற உரிமம் வேண்டும். பாதிரியார்களும் காவல்துறையும் சேர்ந்து பல ஊர்களில் வீட்டு ஆட்டங்களையும் இந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்தினார்கள். இசை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டு வெளியேறியது.

அடுத்த திருப்பம் அயர்லாந்துக்கு வெளியே நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டட வேலைக்காக லண்டன் போன ஐரிஷ்காரர்கள் சின்ன அறைகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். வாசிக்க வீடு ஏது? கேம்டன் டவுன் பக்கத்து பப்களில் கூடினார்கள். இன்று 'செஷன்' என்று சொல்லப்படும் வடிவம் அங்கேதான் பெரிதாக உருப்பெற்றது. ஊரில் 1951-ல் முதல் ஃப்ளா இசைவிழா முல்லிங்கார் நகரில் தொடங்கியது. 1962-ல் டப்ளின் மெரியன் ரோ தெருவிலுள்ள ஓ'டனஹூஸ் பப்பில் கூடியவர்களிலிருந்து 'தி டப்ளினர்ஸ்' குழு பிறந்தது. ஆக, தொன்மையான மரபு என்று நாம் நினைக்கும் பப் இசைக்கு வயது ஏறக்குறைய எண்பதுதான்!

3. செஷன் எப்படி நடக்கும்?

மேடை, மைக் எதுவும் கிடையாது. ஒரு மூலை மேசையைச் சுற்றி வட்டமாக உட்காருவார்கள். பல நேரம் கேட்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். ஏனென்றால் அவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள், நமக்கு இல்லை. ஃபிடில், டின் விசில், மரப் புல்லாங்குழல், பெரிய கஞ்சிரா போன்ற பவ்ரான், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப்ஸ். (இந்தக் கடைசி வாத்திய மரபை 2017-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.)

மெட்டின் அமைப்பு எளிது. எட்டு அளவு கொண்ட ஒரு பகுதி, அதையே இன்னொரு முறை. பிறகு வேறோர் எட்டு, அதுவும் இரண்டு முறை. மொத்தம் 32. பெரும்பாலும் இதை மூன்று சுற்று வாசித்து, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவப்போகும் மெட்டு எதுவென்று யாரும் அறிவிப்பதில்லை. ஒருவர் தொடங்குவார், தெரிந்தவர்கள் இரண்டாவது அளவிலேயே பிடித்துக்கொள்வார்கள், தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். அடுத்த வாரம் அவருக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் என்று பலகை மாட்டாத பள்ளிக்கூடம் இது.

எல்லா பப்பிலும் பாட்டு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1833 முதல் நடக்கும் கவனா பப், 'கிரேவ்டிகர்ஸ்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். அங்கே பாட்டும் இல்லை, டிவியும் இல்லை. பேச்சு மட்டும்தான். அதற்காகவே போகிறவர்கள் உண்டு.

4. தெரு

கிராஃப்டன் ஸ்ட்ரீட் நடந்துபோகிறவர்களுக்கான கடைத்தெரு. கிளென் ஹான்சார்ட் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டுப் பாட வந்தது இங்கேதான். இந்தத் தெருவையே களமாகக் கொண்ட 'ஒன்ஸ்' (2007) படத்தில் அவரே தெருப்பாடகராக நடித்தார். மிகச் சொற்ப செலவில் எடுத்த படம். மார்க்கெட்டா இர்க்ளோவாவுடன் சேர்ந்து எழுதிய பாட்டுக்கு 2008-ல் ஆஸ்கர் கிடைத்தது.

ஆனால் தெருவும் சும்மா கிடைப்பதில்லை. பாட மாநகராட்சி அனுமதிச்சீட்டு வேண்டும். ஒலிபெருக்கி வைக்கத் தனி அனுமதி. ஒரே இடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, நகர்ந்துவிட வேண்டும். கேட்கக் கெடுபிடி மாதிரி இருக்கும். மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் ஒரே ஐந்து பாட்டை நாள் முழுக்கக் கேட்பதை யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும்.

5. கடிகாரமும் வறுவலும்

சாதாரண பப்பில் மது விற்பனை வார நாட்களில் இரவு 11.30 வரை, வெள்ளி சனி 12.30 வரை, ஞாயிறு 11 வரை. குடித்து முடிக்க அரை மணி அவகாசம். அதற்கு மேல் திறந்திருக்க இரவு கிளப்கள் ஒவ்வோர் இரவுக்கும் தனி நீதிமன்ற அனுமதி வாங்கி, கட்டணமும் கட்ட வேண்டும் என்ற முறை பல காலமாக நடந்தது. எனவே நகரம் முழுக்க ஒரே நேரத்தில் தெருவுக்கு வரும், அதுவும் பசியோடு.

அந்தப் பசிக்குப் பதில் 'சிப்பர்'. இந்தக் கடைகளை நடத்தும் மகாரி, போர்சா, கஃபோலா போன்ற குடும்பங்களின் வேர் இத்தாலியில். பெரும்பாலோர் ரோமுக்குத் தெற்கே காசலாத்திகோ என்ற சின்ன மலைக்கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். மீனும் வறுவலும் கேட்க டப்ளின்காரர்கள் "ஒன் அண்ட் ஒன்" என்பார்கள். 1880களில் கடை போட்ட ஜுசெப்பே செர்வியின் மனைவி, ஆங்கிலம் தெரியாமல், விரலால் காட்டி "இதில் ஒண்ணு, அதில் ஒண்ணு" என்று கேட்டதிலிருந்து வந்தது என்பது ஊர்க்கதை. கிறைஸ்ட்சர்ச் அருகே பர்டாக்ஸ் 1913-லிருந்து பொரித்துக்கொண்டிருக்கிறது. 2010க்குப் பிறகு சீனக் கடைகளிலிருந்து 'ஸ்பைஸ் பேக்' வந்து சேர்ந்தது. பொரித்த கோழி, வறுவல், மிளகாய், வெங்காயம் எல்லாம் ஒரே காகிதப் பையில் குலுக்கித் தருவது. நள்ளிரவு டப்ளினின் 'மரபு' உணவு இரண்டுமே குடியேறிகள் கொடுத்தவை.

6. பத்திரம் இல்லாத ஒன்று

டெம்பிள் பார் பகுதியின் கதை இதற்கெல்லாம் திறவுகோல். அரசுப் போக்குவரத்து நிறுவனம் அங்கே பெரிய பேருந்து நிலையம் கட்டுவதற்காகக் கட்டடங்களை வாங்கிப் போட்டது. இடிக்கும் வரை சும்மா கிடப்பானேன் என்று குறுகிய காலக் குத்தகைக்கு, மலிவாக விட்டது. ஓவியர்கள், இசைக்காரர்கள், சின்னக் கடைகள் குடிவந்து பகுதியே உயிர் பெற்றது. திட்டம் கைவிடப்பட்டது. 1991-ல் கலாசாரப் பகுதியாக வளர்க்க அரசே நிறுவனம் அமைத்தது. இன்று அங்கே வாடகை கொடுக்க எந்த இளம் கலைஞரால் முடியும்? கலை வந்ததற்குக் காரணம் மலிவு வாடகை. வாடகை ஏறியதற்குக் காரணம் கலை.

2021-ல் இதே நிலை ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்கு வந்தது. "இசைப் பிரச்சினை உள்ள குடிக்கடை" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் இடம். அங்கே ஹோட்டல் கட்டத் திட்டம். பப்பின் முன்பகுதி அப்படியே இருக்கும் என்றார்கள். போகப்போவது வகுப்புகளும் நிகழ்ச்சிகளும் நடக்கும் பின்னறை. அக்டோபரில் கூட்டம் சவப்பெட்டியைச் சுமந்து, வாசித்துக்கொண்டே மாநகராட்சிக்கு ஊர்வலம் போனது. நவம்பரில் கட்டடத்தின் அளவையும், ஒரு பண்பாட்டு இடம் பறிபோவதையும் காரணம் காட்டி மாநகராட்சி அனுமதி மறுத்தது.

இப்போது முதல் பகுதியின் காகிதத்துக்கு வருவோம். உரிமம் பப்காரரிடம், கட்டடம் சொந்தக்காரரிடம், தெரு மாநகராட்சியிடம். இரவில் பணம் பண்ணும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரம் இருக்கிறது. மூலை மேசையில் வாசிப்பவரிடம் மட்டும் எந்தக் காகிதமும் இல்லை. அவருக்காகத்தான் மற்ற மூன்றுக்கும் விலை ஏறுகிறது.

அதனால் டப்ளின் போகிறவர்களுக்கு என் சிபாரிசு மூன்று. பாடகரைப் படம் பிடித்தால் பெட்டியில் காசு போடுங்கள். செஷனில் யாராவது தனியாகப் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்துங்கள், அங்கே அதுதான் வழக்கம். மூன்றாவது, முன்னறை அலங்காரத்தைப் பார்த்து பப்பை எடைபோடாதீர்கள். பின்னறை இன்னும் இருக்கிறதா, வாரநாளில் அங்கே யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்று விசாரியுங்கள்.