பக்கத்துக் கட்டிலை யார் பார்ப்பது?

வயசானவர்களை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் பெருமுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவள் நான். மாசம் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். நான் சொல்வது வேறு: அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் படுக்கைப் புண் முதலில் வருகிற இடங்களில் ஒன்று குதிகால், இன்னொன்று வால் எலும்பு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரமாவது புரட்டிப் போட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ராத்திரியில் அதைச் செய்ய ஆள் இருந்ததா என்பதைக் குதிகால் சொல்லிவிடும். அடுத்து நாக்கைப் பாருங்கள். அடிக்கடி துணி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கிற இடங்கள் உண்டு. அங்கே நாக்கு வறண்டு வெடித்திருக்கும். பட்டப்பகலில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள், யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள். கக்கூஸில் பிடித்து எழக் கைப்பிடி இருக்கிறதா, அறைக்கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் இருக்கிற அறையில் உங்கள் அம்மாவை விடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட சின்ன இல்லங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. மரக்காணம் உப்பளத்தில் உழைத்துக் கால் தேய்ந்தவர்களின் பிள்ளைகள் சென்னையிலும் புதுச்சேரியிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். உப்பளமோ மழை தொடங்கினால் மூடிக்கிடக்கும். கிழவியை யார் வைத்துப் பார்ப்பது? வாடகைக்கு எடுத்த ஒரு மாடிவீடு, எட்டுப் பத்துக் கட்டில், ஒரு ஆயா, ஒரு சமையல்காரம்மா. இதை நடத்துகிறவர்களில் நல்ல மனசுக்காரர்கள் நிறைய. ஆனால் மனசு ஒன்று, கவனிப்பு வேறு.

என் சித்தியையும் அப்படி ஒரு வீட்டில்தான் சேர்த்திருந்தோம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போய் நின்றேன். “பார்க்கிற நேரம் சாயங்காலங்க, இப்ப எல்லாரும் தூங்குறாங்க” என்று கேட்டிலேயே நிறுத்தினார் அங்கிருந்த ஆயா. விடாமல் உள்ளே போய்ப் போர்வையை விலக்கினேன். காலமெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்ற காலல்லவா, பாதத் தோல் மாட்டுத்தோல் மாதிரி தடித்திருக்கும். அந்தத் தடித்த தோலுக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கருத்துப்போய், ஓரம் கசிந்திருந்தது. “ஒண்ணுமில்ல பாப்பா, படுத்துனே கெடக்கறேன்ல, அதான்” என்றார் சித்தி. அந்த வாரமே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். பஸ் ஸ்டாண்டில் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து விட்டார்களாம். அவர் காலையும் பார்த்தேன், இதைவிட மோசம். இல்லத்தை நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவரைத் தேடி வர ஆள் இல்லை. சித்திக்கு நான் இருந்தேன், அவருக்கு யார்? இல்லங்களைக் கண்காணிப்பது என்றால் எனக்கு அந்தப் பெரியவர்தான் கண்முன் வருகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறையில் பதிய வேண்டும். மனநோயாளிகளைத் தங்க வைத்தால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் முதல் தடவைக்கு 5,000 ரூபாயிலிருந்து 50,000 வரை அபராதம். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைகளுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் ஒரு சின்ன இல்லத்தில் நாலு வகையினரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஒவ்வொரு துறையும் தன் ஃபைலைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கூரை யார் பொறுப்பு?

அப்படி யாரும் கவனிக்காமல் விட்டது எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே நடந்தது. விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்த்த தன் உறவினரைத் தேடி, அமெரிக்காவில் இருந்த ஒருவர் வந்தார். ஆள் இல்லை. பெங்களூரு காப்பகத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்; அங்கும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில், அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய பதிவு இல்லாமல் நடந்த அந்த இடத்திலிருந்து 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஒருவரைத் தேடி ஒரு சொந்தம் வந்ததால் 140 பேர் வெளியே வந்தார்கள். வராமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அப்போதும் சட்டம் இருந்தது: 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உரிமம் வாங்கு என்று சொன்ன சட்டம். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன, 500 பேருக்கு மேல் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். எல்லாம் தீக்குப் பிறகு.

தீ மட்டுமில்லை, தண்ணீரும் உண்டு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையில் ஏறியது. மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போய், தெருவில் தண்ணீர் நிற்க, நடக்க முடியாத எட்டுப் பேரை ஒரு ஆயா எப்படி மாடிக்கு ஏற்றுவாள் என்ற கேள்வி அன்று என் தூக்கத்தைக் கெடுத்தது. எந்த இல்லத்தில் எத்தனை பேர் எழுந்து நடக்க முடியாதவர்கள் என்ற கணக்கு கிராம நிர்வாக அலுவலர் கையிலாவது இருக்க வேண்டாமா?

இப்படிப்பட்ட இல்லங்களைக் கண்காணிக்க இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் என்று ஒன்று 2009-லிருந்து இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமலும் ஆய்வுக்கு வருவார்கள். சிறப்பு, நன்று, மேம்பட வேண்டும், போதாது என்று நாலில் ஒரு மதிப்பு கொடுப்பார்கள். கிடைத்த மதிப்பை அந்த இல்லம் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியாக வேண்டும். அங்கும் கொடுமைகள் நடந்தன, இன்னும் வெளிவருகின்றன. ஆனாலும் சேர்க்கப் போகிற பிள்ளை வாசலிலேயே படித்துத் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது.

நமக்கு அதைவிடச் சுலபமான வழி கையில் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண்கள் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து, சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்தக் கிழவி படுத்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டைத் திறந்து உள்ளே போய், ஒவ்வொருவர் குதிகாலையும் பார்த்து எழுதிவர அவர்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அவர்கள் எழுதுவது மாவட்ட சமூக நல அலுவலரிடமும் திண்டிவனம் சார் ஆட்சியரிடமும் போய்ச் சேர வேண்டும். வேலைக்குத் தகுந்த சம்பளமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதுவரை, சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567-ஐக் கூப்பிடுங்கள், குழந்தைகள் என்றால் 1098. முதியோர் எண்ணில் காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரைதான் ஆள் எடுப்பார்கள். உங்கள் அம்மாவைப் பார்க்கப் போகிற அன்றைக்கு, பக்கத்துக் கட்டில்காரரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.