பழைய பிக்கப் வண்டிக்குக் குறைந்த செலவில் டீசல் டேங்க்

காய்கறி மூட்டைகளைச் சந்தைக்கும், உர மூட்டைகளை வயலுக்கும் ஏற்றிச் செல்லப் பழைய பிக்கப் வண்டிகளை வைத்திருக்கும் விவசாயிகள் பலர் உள்ளனர். மகிந்திரா ஜீப் பிக்கப், மாட்டடார் போன்ற வண்டிகளின் எஞ்சினைத் தேய்மானம் கண்டால் மீண்டும் சரி செய்துகொள்ள முடிகிறது. ஆனால் டீசல் டேங்க் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டால், அதே மாதிரி புதிய டேங்க் கிடைப்பது எளிதன்று. அந்த மாடல்களின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்நிலையில் மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு டேங்க்கை வாங்கி மாட்டுவதே பெரும்பாலோர் செய்யும் காரியம். இதில் கவனம் வேண்டும். டீசல் பம்ப்பினுள் அசையும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி, தலைமயிரின் பருமனில் பல பங்கில் ஒரு பங்குதான். டேங்க்கிலிருந்து வரும் துரும்பும் நீரும் அங்கே புகுந்தால் பம்ப்பும் நாசிலும் கெடும். பம்ப்பைப் பழுதுபார்க்கும் செலவு டேங்க்கின் விலையைவிட அதிகம். ஆகவே பம்ப்பைக் காப்பாற்றும் டேங்க்கே உண்மையில் மலிவான டேங்க் ஆகும்.

டேங்க் கெடுவது ஏன்?

டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. பாதி காலியான டேங்க்கில் இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளிகளாகப் படிகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. எனவே அது அடியில் தங்கித் தகட்டை அரிக்கிறது. நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடு உண்டாகிறது. பில்டர் அடிக்கடி அடைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிப்புறத்தில், டேங்க்கைத் தாங்கும் பட்டையின் அடியில் சேறும் சாணமும் ஒட்டிக்கொண்டு ஈரம் காத்து, அந்த இடமே முதலில் ஓட்டையாகிறது.

பெட்ரோலில் ஓடும் பழைய வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இப்போது பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் இதனால் டேங்க் விரைவில் துருப்பிடிக்கும்.

குறை டேங்க்கில்தானா?

எஞ்சின் ஓடி ஓடி நின்றுவிட்டால் உடனே டேங்க்கைக் குறை சொல்லக்கூடாது. டேங்க் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டாலும் டீசல் வராது. மூடியைத் தளர்த்தியபின் எஞ்சின் சீராக ஓடினால், துளையைச் சுத்தம் செய்தாலே போதும். டீசல் குழாய், குழாய் முனையில் உள்ள வாஷர் ஆகியவற்றில் கசிவு உள்ளதா என்றும் துடைத்துப் பார்க்கவேண்டும்.

பிறகு டேங்க்கைக் கழற்றி, அடிப்பாகத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டவேண்டும். கணீரென்று ஒலித்தால் தகடு நன்றாக உள்ளது. ஓரிரு சிறு ஓட்டைகள் மட்டும் இருந்தால் பற்றவைத்துக் கொள்ளலாம். அடி முழுவதும் மெலிந்து, மற்ற பக்கங்கள் உறுதியாக இருந்தால், நல்ல டிங்கர் ஒருவரிடம் கொடுத்து அடித்தகட்டை மட்டும் மாற்றலாம். மூடி வாய், பட்டை, மிதவை அனைத்தும் பழையபடியே பொருந்துவதால் இதுவே பல நேரங்களில் குறைந்த செலவு பிடிக்கும் வழி.

வழியில் ஒழுகினால் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்து அடைக்கலாம். அது வீடு வந்து சேரும் வரைதான் தாங்கும்.

உயிருக்கு ஆபத்து

டேங்க்கைப் பற்றவைக்கும்போது வெடித்து உயிர்ச்சேதம் நேரிடுவது உண்டு. டீசலை வடித்துவிட்டால் டேங்க் காலியாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் தவறு. தகட்டின் மடிப்புகளிலும் துருவினுள்ளும் டீசல் தங்கியிருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகிக் காற்றுடன் கலந்து வெடிக்கும். பெட்ரோல் டேங்க்கில் சூடுகூட வேண்டியதில்லை. ஆவி எப்போதும் தயாராக இருக்கும். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கே வெடிப்பதற்கு ஏற்றது என்பதை மறக்கக்கூடாது. டீசல் பேரல்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே மூடி, மிதவை, குழாய்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, சலவை சோடா கரைத்த வெந்நீரால் பலமுறை குலுக்கிக் கழுவவேண்டும். பின்னர் நீராவி பாய்ச்சிச் சுத்தம் செய்யவேண்டும். பற்றவைக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, எல்லா வாய்களையும் திறந்து வைத்த பிறகே தீயை அருகில் கொண்டுவரவேண்டும். இதில் பழக்கமுள்ள பட்டறையிலேயே இந்த வேலையைக் கொடுக்கவேண்டும். வயலில் பம்ப்செட் குழாயைப் பற்றவைக்க வந்தவரிடம் டேங்க்கையும் நீட்டக்கூடாது.

பழைய டேங்க் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளிலும், பெரிய ஊர்களின் காயலான் கடைகளிலும், உடைக்கப்பட்ட வண்டிகளின் டேங்க்குகள் கிடைக்கும். வெளியே புதுப் பெயிண்ட் அடித்த டேங்க்கைக் கண்டு மயங்கக்கூடாது. பார்க்கவேண்டியது உட்புறம். வாய்வழியே டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கே உலை வைக்கும்.

கடைக்குப் புறப்படுமுன் கீழ்க்கண்டவற்றை அளந்து தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

1. நீளம், அகலம், உயரம்.

2. தாங்கும் பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்.

3. மூடி வாய் இருக்கும் பக்கம், அதன் விட்டம்.

4. டீசல் வெளியேறும் குழாய், திரும்பி வரும் குழாய் ஆகியவற்றின் இடம். டீசல் எஞ்சினில் நாசிலில் மிஞ்சும் டீசல் டேங்க்குக்குத் திரும்புகிறது. பெட்ரோல் வண்டியின் டேங்க்கில் இந்த வாய் இல்லாமல் இருக்கலாம்.

5. மிதவைத் துளையின் அளவு, திருகுகளின் எண்ணிக்கை. வேறு வண்டியின் மிதவை, முன்னால் உள்ள மீட்டருடன் ஒத்துப்போகாமல் தவறாகக் காட்டும். முடிந்தவரை பழைய மிதவையையே மாற்றிப் பொருத்தவேண்டும்.

புதிதாகச் செய்யும்போது

சரியான டேங்க் கிடைக்காவிட்டால் பட்டறையில் புதிதாகச் செய்துகொள்ளலாம். செ.மீ. கணக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள டேங்க் 45 லிட்டர் பிடிக்கும்.

துருப்பிடிக்காது என்று எண்ணி ஜி.ஐ. தகட்டில் செய்யச் சொல்பவர்கள் உண்டு. இது தவறு. அதன்மேல் பூசியுள்ள துத்தநாகம் டீசலுடன் வினைபுரிந்து, பில்டரையும் நாசிலையும் அடைக்கும் கசடை உண்டாக்கும். செம்புக் குழாயும் டீசலைக் கெடுக்கும். சாதாரண எஃகுத் தகடே போதும். உள்ளே பெயிண்ட் அடிக்கக்கூடாது. அது உரிந்து குழாயை அடைக்கும்.

டீசல் எடுக்கும் குழாயின் முனை அடித்தகட்டுக்கு 1 முதல் 2 செ.மீ. மேலே நிற்கவேண்டும். அடியில் தங்கும் நீரும் கசடும் அப்போதுதான் எஞ்சினுக்குப் போகாது. மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் திருகு வைக்கவேண்டும். டீசல் குலுங்காமலிருக்க உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடு ஒன்று பொருத்தலாம். பழைய டேங்க்கைவிடப் பெரிதாகச் செய்து தொங்கவிடக்கூடாது. வரப்பிலும் மேட்டிலும் தட்டும். சைலன்சர் சூடும் தாக்கும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டுப்பாடும் உண்டு.

கசிவைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. இணைப்புகளின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே சிறிது டீசல் ஊற்றி எல்லாப் பக்கமும் சாய்த்து வைக்கவேண்டும். கசியும் இடத்தில் சுண்ணாம்பின்மேல் கறை தெரியும். கம்ப்ரசர் காற்றை வேகமாக ஏற்றிச் சோதித்தால் டேங்க் உப்பி மடிப்புகள் பிரிந்துவிடும்.

பொருத்திய பின்

டேங்க்கைச் சிறிது டீசலால் இருமுறை அலசி வடித்து, புதிய பில்டர் போட்ட பின்னரே எஞ்சினை இயக்கவேண்டும். பட்டைக்கும் டேங்க்குக்கும் இடையே ரப்பர் வைக்கவேண்டும். முதல் மாதத்தில் பில்டரை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. இரவில் டேங்க் காலியாக நிற்காமல் மாலையிலேயே டீசல் நிரப்பவேண்டும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடாமல் நின்ற காலை வேளையில், வடிகால் திருகைத் தளர்த்தி அடியில் தேங்கிய நீரை வடித்துவிடவேண்டும்.

சில நிமிடங்களே பிடிக்கும் இந்தப் பழக்கத்தைக் கைவிடாத விவசாயி, அடுத்த டேங்க் தேடி அலைய வேண்டிய நாளை வெகுவாகத் தள்ளிப்போடலாம்.