காணாமல் போனாரா, ஆக்கப்பட்டாரா? ஒரு ஸ்பானிய வினைச்சொல்லின் கதை

ஸ்பானிய மொழியில் அன்றாடம் புழங்கும் வினைச்சொற்களில் ஒன்று 'தெசப்பரெசேர்'. சூரியன் மேகத்துக்குள் மறைந்தால் இந்தச் சொல்தான். தலைவலி மாறினாலும், ஒரு வழக்கம் அழிந்துபோனாலும், மேசையில் வைத்த சாவியைக் காணவில்லை என்றாலும் இதே சொல்தான். காலமான ஒருவரை மரியாதையாகக் குறிப்பிடவும் இதிலிருந்து பிறந்த 'தெசப்பரெசீதோ' பயன்படுகிறது. நாம் 'மறைந்த எழுத்தாளர்' என்று எழுதுவதைப் போல.

இந்தப் பொருள்கள் எல்லாவற்றிலும் மறைவது தானாகவே நடக்கிறது. மறைத்தவர் என்று எவரும் இல்லை. தமிழில் 'மறைந்தார்' என்பதை 'மறைத்தார்கள்' என்று ஆக்கினால் போதும், செய்தவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். ஸ்பானியச் சொல்லுக்கு அந்த வசதி இல்லை. 'மறையச் செய்தார்கள்' என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

ஆர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1983 வரை நீடித்த அந்த ஆட்சியில் மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், ஊடகவியலாளர்கள் எனப் பலரும் வீடுகளிலிருந்தும் வீதிகளிலிருந்தும் கடத்தப்பட்டு, இரகசிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பலர் மயக்க ஊசி போடப்பட்டு விமானங்களிலிருந்து வீசப்பட்டார்கள். 1984 இல் விசாரணை ஆணைக்குழு 8,960 பேரின் விபரங்களைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன.

1979 டிசெம்பரில் ஊடகவியலாளர் ஒருவர் இவர்களைப் பற்றிக் கேட்டபோது, ஆட்சித் தலைவர் விதேலா அளித்த விளக்கம் இதுதான்: அப்படிப்பட்டவர் இறந்தவரும் அல்ல, உயிரோடு இருப்பவரும் அல்ல, அவர் 'தெசப்பரெசீதோ'. மேகத்தில் மறைந்த சூரியனுக்கான இலக்கணத்தையே அவர் மனிதர்களுக்கும் பொருத்தினார். தானாக மறைந்தவருக்கு யார் பொறுப்புச் சொல்வது?

ஆனால் 1977 ஏப்ரல் 30 முதல் புவனஸ் அயர்ஸ் நகரின் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மார் அந்த இலக்கணத்தை ஏற்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களிடமே அவர்களைத் திருப்பிக் கேட்டார்கள். இத்தகைய வன்முறையைக் கண்ட லத்தீன் அமெரிக்க நாடுகளின் பேச்சு வழக்கில் இன்று 'லோ தெசப்பரெசியேரோன்' என்ற தொடர் வேரூன்றியிருக்கிறது. 'லோ' என்றால் 'அவனை'. வினையின் விகுதி 'அவர்கள்' என்கிறது. அவனை அவர்கள் மறைத்தார்கள். துணைவினை எதுவும் இல்லாமல், தானாக நடப்பதைச் சொன்ன வினையே குற்றத்தைச் சொல்லும் வினையாகிவிட்டது.

இலங்கையில் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது 'காணாமற்போன ஆட்கள்' பற்றிய அலுவலகம். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் நடத்திய உறவுகள் சொல்வதோ 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. 'போன' என்பதற்கும் 'ஆக்கப்பட்ட' என்பதற்கும் இடையில் இருப்பது ஒரு குற்றம். 2018 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் வலிந்து காணாமல் ஆக்குதலைக் குற்றமாகவே வரையறுக்கிறது.

ஆனாலும் 'ஆக்கப்பட்டார்' என்பது செயப்பாட்டு வினை. ஒருவர் செய்தார் என்பதை ஒப்புக்கொள்கிறது, யார் என்பதைச் சொல்வதில்லை. ஸ்பானியத் தொடரில் பெயர் இல்லாவிட்டாலும் 'அவர்கள்' இருக்கிறார்கள். அதனால்தான் இது பற்றி எழுதும்போது அந்த ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. கடைசியாக எந்த இடத்தில், எந்தத் திகதியில், யாருடைய பொறுப்பில் இருந்தார் என்பதையும் கேட்டு எழுதுகிறேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இராணுவத்திடம் ஒப்படைத்ததாகச் சொல்லும் பெண்கள் செயப்பாட்டு வினையில் பேசுவதில்லை. 'நாங்கள் கையளித்தோம், அவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள்' என்பதே அவர்களுடைய சாட்சியத்தின் சாரம். அந்த 'அவர்கள்' செய்தியிலும் இருக்க வேண்டும்.