தாய் விட்ட குட்டிக்கு முதலில் பாலா, சூடா?

மார்கழி மழை. வந்தாறுமூலை வீடொன்றின் தாழ்வாரத்தில், தாய்ப்பூனை விட்டுப்போன குட்டிகள் கத்துகின்றன. உடனே பால் பருக்கலாமா? கூடாது.

ஏன்? முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றத் தெரியாது. உடல் குளிர்ந்தால் குடலும் ஓய்ந்துவிடும். குடித்த பால் செரிக்காமல் தேங்கும்.

எப்படி? வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அருகே வையுங்கள். உடம்பு சூடானபின், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, 2 முதல் 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பசுப்பாலில் புரதம் பூனைப்பாலில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான், வயிற்றோட்டமும் வரலாம். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். குப்புறக் கிடத்திப் பருக்குங்கள்.

குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் வாலடியில் மெல்லத் தடவுங்கள். தாயின் நாக்கு செய்யும் வேலை அது. ஏறத்தாழ 3 வாரம்வரை, அந்தத் தூண்டல் இல்லாமல் குட்டிக்குச் சிறுநீர் போகாது.